நடனத்தை நிறுத்தும் வயதில் ஓவியம் தொழிலாகுமா?

கேள்வி சுருக்கமாக இது. வயது 37. பதினெட்டு வயதிலிருந்து தொழில்முறையாக ஆடுகிறவர். இடுப்பும் முழங்காலும் தேய்ந்துவிட்டதால் மேடையைக் குறைக்கச் சொல்லிவிட்டார் மருத்துவர். சிறு வயதில் நன்றாக வரைந்தவர், இனி ஓவியத்தையே தொழிலாக எடுத்துக்கொள்ள நினைக்கிறார். “ஏற்கெனவே கலைஞர்தானே, சுலபமாக வந்துவிடும்” என்கிறார்கள் சிலர். “இந்த வயதில் அரிச்சுவடியிலிருந்தா?” என்கிறார்கள் வேறு சிலர். யார் சொல்வது சரி? நடனக் கலைஞர் என்ற பெயரை ஓவியத்தில் எவ்வளவு தூரம் பயன்படுத்திக்கொள்ளலாம்?

இரண்டு தரப்பும் பாதிதான் சொல்கிறது. உங்கள் உடம்புக்கு இருபது வருட அனுபவம் இருக்கிறது, உங்கள் கண்ணுக்கு இல்லை. வரையக் கற்றுக்கொள்ள வரும் நடனக் கலைஞர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். உடம்புக்குத் தெரிந்தது கண்ணுக்கும் தெரியும் என்று நம்பி வருகிறார்கள். முதல் சில வாரங்கள் பிரமாதமாகப் போகும். கோடு துள்ளும், பார்ப்பவர்கள் வியப்பார்கள். அப்புறம் ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஏன் முட்டுகிறது என்று தெரிந்தவர்கள் தாண்டிவிடுகிறார்கள், தெரியாதவர்கள் ‘எனக்கு இது வராது’ என்று விட்டுவிடுகிறார்கள். அதனால் அந்த இடத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

இரண்டு கலைகளும் உறவுக்காரர்கள் என்பது பழைய செய்தி. மணிமேகலையில் மாதவி கற்றுத் தேர்ந்தவற்றின் வரிசையில் கூத்துக்கும் பாட்டுக்கும் கூடவே ‘ஓவியச் செந்நூல்’ வருகிறது. விஷ்ணுதர்மோத்தரம் என்ற பழைய சமஸ்கிருத நூலில் வஜ்ரன் என்ற அரசன் சிலை செய்யும் இலக்கணத்தைக் கேட்கிறான். ஓவியம் அறியாமல் சிற்பம் புரியாது, ஆடல் அறியாமல் ஓவியம் புரியாது என்று மார்க்கண்டேயர் ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி அழைத்துப் போகிறார். சீனக் கவிஞர் து ஃபூ, 767-ல் எழுதிய ஒரு கவிதையின் முன்னுரையில் இன்னொரு செய்தியைச் சொல்கிறார்: ஜாங் சூ என்ற தூரிகையெழுத்துக் கலைஞர், கோங்சுன் என்ற பெண்ணின் வாள் நடனத்தைப் பார்த்த பிறகு அவருடைய எழுத்து ஒரு படி மேலே போனதாம். இதில் நான் கவனிக்கச் சொல்வது, எழுத்து வளர்ந்தது பார்த்தவருக்கு. ஆடிய கோங்சுன் தூரிகை பிடித்ததாக அங்கே பேச்சு இல்லை. ஆடுவது ஒரு அறிவு, ஆடலைப் பார்ப்பது வேறு அறிவு. நீங்கள் முதலாவதில் தேர்ந்தவர். ஓவியத்துக்கு வேண்டியது இரண்டாவது.

முதலில் உங்களிடம் இருப்பதைப் பார்ப்போம். மனித உருவம் வரையப் பழகும் எவருக்கும் வருடக்கணக்கில் பிடிபடாத ஒன்று எடை. ஆள் நிற்பது போல வரைவார்கள், ஆனால் அந்த ஆள் தரையில் நிற்க மாட்டார், காகிதத்தில் ஒட்டிக்கொண்டிருப்பார். ஒற்றைக் காலில் நிற்கும்போது கழுத்துக்குழியிலிருந்து நேர்கீழே விழும் கோடு ஊன்றிய பாதத்தின் மேல் வந்து விழ வேண்டும், எடை தாங்கும் பக்கத்து இடுப்பு உயரும்போது அதே பக்கத்துத் தோள் இறங்கும் என்றெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அது பாடமே இல்லை. மாடலைப் பார்த்த கணமே எந்தக் காலில் பாரம், எந்தத் தசை பிடித்து வைத்திருக்கிறது, இன்னும் எவ்வளவு நேரம் அப்படியே நிற்க முடியும் என்று உங்கள் இடுப்புக்கே தெரியும். முப்பது விநாடி, ஒரு நிமிட விரைவு வரைவுகளில் நடனக் கலைஞர்கள் மற்றவர்களைத் தாண்டிப் போவது இதனால்தான். கரித்துண்டை எடுத்து, உருவத்தின் ஓரங்களைத் தொடாமல் பாரம் இறங்கும் பாதையை மட்டும் ஒரே வீச்சில் இழுக்கச் சொன்னால் தயங்காமல் இழுப்பார்கள். இதை உங்கள் சொத்து என்றே சொல்லலாம். வேறு எந்தத் தொழிலிலிருந்தும் வருகிறவருக்கு இது கிடையாது.

அதே சொத்துதான் முட்டவும் வைக்கிறது. மாடல் உங்களை நோக்கி ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்ணில் விழுவது ஒரு பெரிய பாதம், அதற்குப் பின்னால் உடனே முழங்கால், அவ்வளவுதான். கணுக்கால் முதல் முழங்கால் வரை இருக்கும் நீளம் கண்ணுக்கு நான்கு விரல்கடைதான். ஆனால் உங்கள் உடம்புக்கு அந்தக் கால் முழு நீளம். நீட்டிய காலை வருடக்கணக்காக உள்ளேயிருந்து உணர்ந்தவர் நீங்கள். கை தானாகவே காலை நீட்டி வரைந்துவிடும். படம் கோணலாகப் போகும், எங்கே தவறு என்று தெரியாமல் திண்டாடுவீர்கள். நம்மை நோக்கி நீளும் உறுப்பு இப்படிக் குறுகித் தெரிவதைத்தான் குறுக்கம் என்பார்கள். அதில் எல்லாரும் தடுமாறுவார்கள் என்றாலும் நடனக் கலைஞர்கள் கூடுதலாகத் தடுமாறுகிறார்கள். காரணம் திறமைக் குறைவு இல்லை, உடம்பு சொல்வது கண் சொல்வதை விட உரக்கக் கேட்கிறது என்பதுதான். கழுத்தை நீட்டுவது, தோளை இறக்குவது, விரல் நுனியை அழகாக முடிப்பது எல்லாம் இதே வகை. எதிரே கூன் போட்டு உட்கார்ந்திருப்பவரைக்கூட நிமிர்த்தி வரைந்துவிடுவீர்கள்!

இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, கொஞ்ச காலம் உடம்பையே வரையாமல் இருப்பது. ஒரு கோப்பை, கசங்கிய துணி, சுவரும் தரையும் சந்திக்கும் மூலை, கால் வைத்த ஸ்டூல். உங்கள் தசைக்கு எந்த அபிப்பிராயமும் இல்லாத பொருள்களாக எடுங்கள். ஒரு கண்ணை மூடி, கையை முழுதாக நீட்டி, பென்சிலை அளவுகோலாகப் பிடித்து அகலத்தையும் உயரத்தையும் ஒப்பிடுங்கள். பொருளை விட்டுவிட்டு, பொருளுக்கும் பொருளுக்கும் நடுவே இருக்கும் காலி இடத்தின் வடிவத்தை வரையுங்கள். அலுப்பாக இருக்கும். ஆனால் தினமும் காலையில் அதே அடிப்படைப் பயிற்சியை முகம் சுளிக்காமல் செய்து பழகிய ஆட்கள் நீங்கள். இருபது வருடம் ஆடியவரும் மறுநாள் அரைமண்டியில் உட்காரத்தான் செய்கிறார், பாலே ஆடுகிறவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதே மடக்கலில்தான் நாளைத் தொடங்குகிறார். ஓவியம் கற்க வரும் பெரியவர்களில் பாதிப்பேர் இந்தக் கட்டத்தில்தான் ஓடிப்போகிறார்கள். தினப் பயிற்சி என்பதில் உங்களுக்கு ஒன்றும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆறு மாதமோ எட்டு மாதமோ இப்படிப் போகட்டும். கூடவே ஒளி நிழல். எதையும் மூன்றே மூன்று அடர்த்தியில் (கறுப்பு, நடு, வெள்ளை) பிரித்து உள்ளங்கை அகலத்தில் சின்னச் சின்னப் படங்களாகப் போடுங்கள். வண்ணத்துக்கு அவசரம் வேண்டாம். தொடங்கும்போதும் வெள்ளை, மஞ்சள் காவி, ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு போதும். ஸ்வீடனின் ஆண்டர்ஸ் சோர்ன் பெரும்பாலும் இந்த நான்கைக் கொண்டே மனிதத் தோலின் எல்லாச் சாயலையும் எழுப்பினார். கடையில் அறுபது குழாய் இருக்கிறதே என்று வாங்கிக் குவித்தால் கலக்கும் கணக்கு கைக்கு வராது.

எந்த ஊடகம் என்று கேட்பீர்கள். அக்ரிலிக் சில நிமிடங்களில் காய்ந்துவிடும், ஆடுகிறவர்களின் வேகத்துக்கு அது பிடித்துப்போகும். எனக்கோ அதுவே தயக்கம். ஆயில் பெயிண்ட் மெதுவாகக் காயும், தொட்டால் ஒட்டாத அளவுக்கே சில நாள் பிடிக்கும், சில வண்ணங்களுக்கு வாரங்கள். தடித்த பூச்சானால் உள்ளே வரை இறுக மாதக்கணக்கு. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும், மாற்றிச் செய்தால் பிற்பாடு வெடிக்கும். நடனத்திலிருந்து வருகிறவருக்கு இந்த மெதுவே நல்ல ஆசான் என்று நான் நினைக்கிறேன்.

ஏனென்றால் இரண்டாவது பெரிய மாற்றம் காலம் சம்பந்தப்பட்டது. ஆடும்போது ஒரு அசைவு முடிந்ததும் போய்விடுகிறது. கொஞ்சம் பிசகினாலும் அடுத்த அசைவு வந்து மூடிவிடும், நிறுத்தக் கூடாது, முகம் மாறக் கூடாது என்றுதான் பழக்கியிருக்கிறார்கள். ஓவியத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் அங்கேயே இருக்கிறது. நேற்றுப் போட்ட தவறான கோடு இன்று காலையிலும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். மேடை மனசு அதை மூட, மேலே இன்னொரு வீச்சை இழுக்கும். தூரிகை பறக்கும், உடம்புக்கு இதமாக இருக்கும், படம் சேறாகும். வரையும்போது உங்களுக்கு எவ்வளவு நன்றாக இருந்தது என்பதற்கும் படம் எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்பதற்கும் நேர்த்தொடர்பு கிடையாது. நடனத்தில் அந்தத் தொடர்பு ஓரளவு உண்டு, அதனால்தான் இது மனசுக்கு ஏறக் கஷ்டமாக இருக்கிறது. நிறுத்துங்கள். நான்கு அடி பின்னால் போய் நின்று பாருங்கள். சுரண்டி எடுங்கள். படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள்.

திருத்தம் சொல்ல ஆள் இல்லாமல் போவதும் உங்களைத் தாக்கும். ஒத்திகையில் ஒவ்வொரு நிமிடமும் யாராவது ‘முட்டியை வெளியே திருப்பு’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பக்கத்தில் ஆடுகிறவரின் மூச்சுச் சத்தம் கேட்கும். முடிவில் கைதட்டல் இருக்கும். ஓவிய அறையில் நீங்களும் ஈரக் கேன்வாஸும் மட்டும். இதை மன உறுதியால் மட்டும் கடக்கப் பார்க்காதீர்கள். ஓவியத்தைப் புகழாமல், எந்த இடம் இடிக்கிறது என்று விரலை வைத்துக் காட்டக்கூடிய ஒரு ஆசிரியரையும், மாதம் இரண்டு முறையாவது கூடி ஒருவர் படத்தை ஒருவர் பார்க்கும் நான்கைந்து பேரையும் தேடிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு பழைய நண்பனை அறைக்குள் கொண்டுவாருங்கள்: கண்ணாடி. படத்தைக் கண்ணாடியில் இடம் வலம் மாற்றிப் பார்த்தால் சாய்வும் கோணலும் அந்நியர் வரைந்த படத்தில் தெரிவது போல உடனே தெரியும். லியனார்டோ டா வின்சியே ஓவியர்களுக்குச் சொன்ன யோசனை இது.

இந்தப் பாதையில் போனவர்கள் இருக்கிறார்களா என்றால், நிறைய. அவர்கள் எப்படிப் போனார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். டிரினிடாடில் பிறந்த பாஸ்கோ ஹோல்டர் (1921–2007) லண்டனில் சொந்த நடனக் குழு வைத்து இருபது வருடம் ஆடினார். 1970-ல் ஊர் திரும்பி ஓவியத்தை முழுநேரமாக எடுத்துக்கொண்டார். அவருடைய தம்பி ஜெஃப்ரி ஹோல்டர் நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா பாலேயின் முதன்மை நடனக் கலைஞர்களில் ஒருவராக ஆடியவர், 1956-ல் அவருக்குக் குகன்ஹெய்ம் நிதிநல்கை கிடைத்தது ஓவியத்துக்காக. நடனக் குழுவின் பயணச் செலவுக்கே தன் ஓவியங்களை விற்றவர் அவர். பிரான்ஸின் லுத்மிலா சேரினா பாலே மேடையிலிருந்து ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் போனார். இவர்களில் ஹோல்டர் சகோதரர்களை நன்றாகப் பாருங்கள். நடனம் முடிந்த மறுநாள் அவர்கள் தூரிகையைத் தேடவில்லை. ஆடிக்கொண்டிருந்த காலம் முழுக்க வரைந்துகொண்டும் இருந்தார்கள். உங்களுக்கு இன்னும் ஓரிரு வருடம் மேடை பாக்கி இருந்தால் அதுதான் பொன்னான நேரம், இப்போதே ஸ்கெட்ச் புக்கோடு ஒத்திகைக்குப் போங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் நடனக் கலைஞர் இல்லை, சர்க்கஸ்காரர். பிரெஞ்சு ஓவியர் சுசான் வலதோன் பதின்வயதில் சர்க்கஸில் அந்தரத்தில் ஆடியவர். ஊஞ்சல்கம்பியிலிருந்து விழுந்ததோடு அது முடிந்தது. பிழைப்புக்காக ரெனுவார், துலூஸ் லோத்ரெக் போன்ற ஓவியர்களுக்கு மாடலாக நின்றார். நின்றுகொண்டே அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். ஓவியப் பள்ளி எதிலும் படிக்கவில்லை. அவர் தேதியிட்ட சுய உருவப்படம் ஒன்று 1883-ஐச் சேர்ந்தது. பாலே ஆடுகிறவர்களை வரைந்து புகழ்பெற்ற ஓவியர் தெகா அவருடைய கோட்டைப் பார்த்துவிட்டு ஊக்கம் தந்தார், படங்களை வாங்கினார். 1894-ல் பாரிஸின் தேசிய நுண்கலைச் சங்கக் கண்காட்சியில் அவருடைய கோட்டோவியங்கள் இடம்பெற்றன. கீழே விழுந்த நாளுக்கும் அந்தக் கண்காட்சிக்கும் நடுவில் பத்து வருடத்துக்கு மேல். அவர் வரைந்த பெண்களைப் பார்த்தால் உடம்பை உள்ளிருந்து அறிந்தவர் என்று தெரியும், ஆனால் யாரும் அழகாக நிற்க மாட்டார்கள். துவட்டுவார்கள், குனிவார்கள், சலிப்போடு சாய்ந்திருப்பார்கள். உடம்பின் அறிவும் கண்ணின் அறிவும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நான் காட்டும் படங்கள் அவருடையவை.

உடம்பாலேயே வரைந்தால் என்ன என்ற எண்ணமும் உங்களுக்கு வரும். வராமல் இருக்காது. நடன இயக்குநர் திரிஷா பிரவுன் 2000-களின் தொடக்கத்தில் பெரிய காகிதத்தைத் தரையில் விரித்து, கையிலும் கால்விரல்களிலும் கரித்துண்டை இடுக்கிக்கொண்டு நகர்ந்து வரைந்தார். அதற்கும் அரை நூற்றாண்டு முன்பே ஜப்பானின் கஸுவோ ஷிராகா கயிற்றில் தொங்கியபடி பாதத்தால் வண்ணத்தை இழுத்தார். இரண்டு பேரையும் நான் மதிக்கிறேன். ஆனால் ஷிராகா முறையாக ஓவியம் படித்தவர், பிரவுன் பல பத்தாண்டுகள் காகிதத்தில் வரைந்து பழகியவர். தொடக்கத்திலேயே அந்த வழிக்குப் போனால் உங்களுக்கு ஏற்கெனவே வருவதையே காகிதத்தில் செய்துகொண்டிருப்பீர்கள், கண் வளராது. முழங்காலுக்கும் நல்லதில்லை.

என்ன வரைவது என்பது தனிக் கேள்வி. எல்லாரும் உங்களிடம் எதிர்பார்ப்பது நடனப் படங்கள். முதல் வருடம் அதைத் தொடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. மேடைப் புகைப்படங்களைப் பார்த்து வரைவதை அடியோடு தவிருங்கள். அவற்றில் கேமரா ஏற்கெனவே எல்லா முடிவையும் எடுத்துவிட்டது. நடனத்தை விட்டுப் பிரியும் துக்கமும் அந்தப் படங்களில் வந்து படியும். அந்தத் துக்கம் உண்மையானது, அதற்கு அழ வேண்டியிருந்தால் அழுங்கள், அதைக் கேன்வாஸின் மேல் வேலையாக ஏற்றாதீர்கள். பிறகு ஒரு நாள் நடனத்துக்குத் திரும்பினால் தெகாவை வைத்துக்கொண்டு யோசியுங்கள். அவர் நடன உலகத்தை ஆயிரத்துக்கு மேல் தடவை வரைந்தார். பெரும்பாலும் அங்கே நடப்பது நடனம் இல்லை: முதுகைச் சொறிகிறார்கள், வாரைக் கட்டுகிறார்கள், பெஞ்சில் சரிந்து கணுக்காலைப் பிடித்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தவருக்கே இவ்வளவு கிடைத்தது. திரைக்குப் பின்னால் காத்திருக்கும் நேரம், வலியை மறைக்கும் முகம், ஒத்திகை முடிந்த காலி அறை எல்லாம் உங்களுக்கு உள்ளேயிருந்து தெரியும். அதை வரையும் கண் வரும் வரை அது எங்கேயும் போய்விடாது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓவியத்தில் வருமானம் மெதுவாக, ஒழுங்கில்லாமல் வரும். கேலரிகள் விற்பனையில் பொதுவாக நாற்பது முதல் ஐம்பது சதவீதம் எடுத்துக்கொள்ளும், படத்துக்கு மரச்சட்டம் போடுவதும் அதை அனுப்புவதும் பல நேரம் உங்கள் செலவு. முதல் இரண்டு மூன்று வருடம் ஓவியம் சோறு போடும் என்று கணக்கு வைக்காதீர்கள், வாரத்தில் சில நாள் நடனம் சொல்லிக்கொடுப்பதையோ நடனம் அமைப்பதையோ வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை. விற்றாக வேண்டும் என்ற நெருக்கடியில் வரைகிறவர்கள் விற்ற படத்தையே திரும்பத் திரும்ப வரைய ஆரம்பித்துவிடுகிறார்கள், கற்பது அங்கேயே நின்றுபோகிறது. சில நாடுகளில் இந்த மாற்றத்துக்கென்றே அமைப்புகள் உண்டு. பிரிட்டனில் 1970-களிலும், கனடாவிலும் அமெரிக்காவிலும் 1985-லும், நெதர்லாந்தில் 1986-லும் தொடங்கினார்கள். படிப்புச் செலவு, ஆலோசனை போன்றவற்றுக்கு உதவி கிடைக்கும். எத்தனை வருடம் ஆடியிருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் இருப்பதால் மேடையை விடுவதற்கு முன்பே விசாரிப்பது நல்லது. பாரிஸ் ஆப்பெரா பாலேயில் 42 வயதில் ஓய்வு என்பது விதி. நடனத் தொழிலே இந்த வயதை ஒரு திருப்பமாக ஒப்புக்கொண்டிருக்கிறது, நீங்கள் தாமதமாக எதையும் செய்யவில்லை.

உடம்புக்கு இரண்டு வார்த்தை. ஓவியம் உட்கார்ந்து செய்யும் சுகமான வேலை என்று நினைத்து வராதீர்கள். கடினமான தரையில் மணிக்கணக்கில் நின்றால் தேய்ந்த இடுப்பு பேசும். காலடியில் மெத்தென்ற விரிப்பு, பாதி உட்கார்ந்து பாதி நிற்கத் தோதான உயர ஸ்டூல், கண் மட்டத்தில் கேன்வாஸ், இது மூன்றும் அவசியம். ஒரே தோள் நாள் முழுக்க உயர்ந்திருப்பதால் அது இறுகும். ஆட்டத்துக்கு முன்னால் செய்த உடல்தயாரிப்பை வரைவதற்கு முன்னாலும் செய்யுங்கள். டர்பன்டைன் பயன்படுத்தினால் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கடைசியாக, நடனக் கலைஞர் என்ற பெயரை எவ்வளவு பயன்படுத்தலாம் என்று கேட்டீர்கள். அந்தப் பெயர் முதல் கண்காட்சிக்குக் கூட்டம் சேர்க்கும், அதில் தயங்க ஒன்றுமில்லை. உங்கள் ரசிகர்கள் அன்போடு வந்து வாங்குவார்கள், நன்றியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அந்த விற்பனையை வைத்து உங்கள் ஓவியத்தை எடைபோடாதீர்கள். படங்களின் தலைப்பில் நடனச் சொற்கள் வேண்டாம், அழைப்பிதழில் பழைய மேடைப் புகைப்படம் வேண்டாம். தன்குறிப்பில் இத்தனை வருடம் ஆடினேன் என்று ஒரே வரி எழுதினால் போதும். முடிந்தால் முதல் கண்காட்சிக்கு முன்பு, உங்களை மேடையில் பார்த்தே இராத யாரிடமாவது நான்கு படங்களைப் பெயர் சொல்லாமல் காட்டுங்கள். அவர் எந்தப் படத்தின் முன் கூடுதல் நேரம் நிற்கிறார் என்று பார்த்து, அதே திசையில் அடுத்த பத்துப் படங்களை வரைந்த பிறகு கேலரிக்கு எழுதுங்கள்.